சொல்லும் அளவும் வெட்டும் அளவும்

"அந்த அளவு நோட்டைக் கொஞ்சம் குடுங்க மாஸ்டர்" என்று பஸ் டிப்போவின் டாக்டரம்மா கேட்டபோது, டெய்லர் மாஸ்டரின் வாயில் நான்கு குண்டூசிகள் இருந்தன. அவற்றில் ஒன்றையும் விழுங்காமல் அவர் தப்பித்தது முப்பது வருட அனுபவத்தால்தான்.

"எந்த நோட்டும்மா?" என்றார், ஊசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு.

"டிரைவருங்க யூனிஃபார்ம் நோட்டு. டிப்போவுல உடம்புப் பரிசோதனை முகாம் நடக்குது. இருபத்தெட்டு பேரோட இடுப்பளவும் எனக்கு வேணும். நானே அளக்கலாம்னு இருந்தேன். உங்க கையால அளந்தது இருக்கும்போது நான் எதுக்கு மெனக்கெடணும்? போர்டுலயே போட்டிருக்கீங்களே!"

போட்டுத்தான் இருந்தது. கடை வாசலில், பெயருக்குக் கீழே, பெயரைவிடப் பெரிய எழுத்தில்: 'அளவு தப்பாது'.

நோட்டு தொலைந்துவிட்டது, நனைந்துவிட்டது, கரையான் தின்றுவிட்டது என்று மூன்று பொய்களில் எது நம்பும்படி இருக்கும் என்று மாஸ்டர் யோசித்துக்கொண்டிருக்கையில், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவர் மனைவி எழுந்தாள். இழுப்பறையைத் திறந்தாள். நோட்டை எடுத்தாள்.

"இந்தாங்கம்மா" என்று டாக்டரிடம் கொடுத்துவிட்டாள்.

மாஸ்டர் அவளைப் பார்த்த பார்வையில் துணியே பொசுங்கியிருக்கும். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு வங்கி அதிகாரி பேண்ட் தைக்க வந்தார். மாஸ்டர் கள்ளமில்லாமல் அவர் இடுப்பை அளந்து "நாற்பது!" என்று கூவினார். கடையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அதிகாரி அந்த மூன்று பேரையும் ஒரு முறை பார்த்தார். துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனவர் போனவர்தான். அன்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மாஸ்டர் இடுப்பை மட்டும் இரண்டு இஞ்சு குறைத்துச் சொல்வார். அவர் சொன்னதைச் சொன்னபடி அவள் பென்சிலால் எழுதிக்கொள்வாள். துணியை வெட்டும்போது இரண்டு இஞ்சு கூட்டிக்கொள்வாள். பேண்டும் பொருந்தும், மனசும் நோகாது. ஊரில் பாதி ஆண்கள் தங்களுக்குத் தொப்பை இல்லை என்று நம்பிக்கொண்டு நிமிர்ந்து நடந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம்.

இத்தனை வருடத்தில் அது வெளியே தெரிந்ததில்லை. தெரிந்தால் போர்டைக் கழற்றி அடுப்பில் வைக்க வேண்டியதுதான். மாஸ்டருக்கு வேறு சொத்து கிடையாது. அந்த இரண்டு சொல்தான் சொத்து.

"இடுப்பை வச்சு என்னம்மா கண்டுபிடிக்கப் போறீங்க? எடை பார்த்தா போதாதா?" என்று கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"எடை பாதிக் கதைதான் சொல்லும்" என்று டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கொழுப்பு எவ்வளவு இருக்குங்கறது ஒண்ணு. எங்க இருக்குங்கறது இன்னொண்ணு. தொடையில, பின்பக்கத்துல, தோலுக்கு அடியில இருக்கறது பெரும்பாலும் அது பாட்டுக்கு இருக்கும். வயித்துக்குள்ள போய் ஈரலைச் சுத்தி, குடலைச் சுத்தி உக்காந்துக்குதே, அதுதான் வம்பு. சர்க்கரை, பிரஷர், இருதயம்னு ஒவ்வொண்ணா கூட்டிட்டு வரும். அதனால வயித்துச் சுற்றளவு உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும்."

"அப்போ இவளுக்கு ஆபத்துதான்" என்று மாஸ்டர் மனைவியை நோக்கி மோவாயை ஆட்டினார். "கல்யாணத்தப்ப ஒத்தை நாற்காலியில உக்காருவா. இப்ப பெஞ்சு போட வேண்டியிருக்கு."

டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவங்களுக்குச் சதை எல்லாம் இடுப்புக்குக் கீழதான். கால் ரெண்டும் ஒல்லியா, வயிறு மட்டும் முன்னால போற ஆளுங்களைவிட அவங்க எவ்வளவோ தேவலை."

மாஸ்டர் வெட்டு மேஜைக்குப் பின்னால் நின்றபடி வயிற்றைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டார். ஏன் இழுத்துக்கொண்டோம் என்று அவருக்கே தெரியவில்லை.

டாக்டரம்மா படி இறங்கியதும் மாஸ்டர் மனைவியைப் பிடித்துக்கொண்டார். "எதுக்கு எடுத்துக் குடுத்தே?"

"கேட்டாங்க, குடுத்தேன். திருட்டு நோட்டா அது?"

"திருட்டு நோட்டுதான்! முப்பது வருஷத் திருட்டு அதுல இருக்கு!"

"கத்தாதீங்க. போன மாசம் ஏணியில ஏறி நின்னுக்கிட்டு தலை சுத்துதுன்னீங்களே, மறந்து போச்சா? டாக்டரைப் பாருங்கன்னு எத்தனை தடவை சொல்லியாச்சு."

"முப்பத்திரண்டு இஞ்சு இடுப்புக்காரனுக்கு டாக்டர் எதுக்கு?" என்றார் மாஸ்டர். இதை அவர் வருடத்துக்கு நாலு தடவையாவது சொல்வார். கல்யாணமான வருடத்தில் முப்பத்திரண்டு, இன்றைக்கும் முப்பத்திரண்டு. தானே தன்னை அளந்தால் டேப் கோணிப்போகும் என்பது அவர் கட்சி. அதனால் அவருடைய பேண்டுகளை மட்டும் வருடா வருடம் மனைவியே அளந்து, வெட்டி, தைத்து, இடுப்புப் பட்டியின் உட்பக்கம் '32' என்று சின்னதாக ஒரு துணித்துண்டும் வைத்துக் கொடுப்பாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா நோட்டோடு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"அதிசயம் மாஸ்டர்! இருபத்தெட்டு பேர்ல இருபத்தஞ்சு பேர் அளவுக்குள்ள இருக்காங்க. மேனேஜர் பாராட்டி நோட்டீஸ் போர்டுல பட்டியல் போடணும்கறார்."

"போடட்டும், போடட்டும்" என்றார் மாஸ்டர். பெரிய கண்டம் தாண்டிவிட்ட நிம்மதி.

"ஒண்ணுதான் புரியல. நேத்து ஏழாம் நம்பர் பஸ்ல வந்தேன். அந்த டிரைவர் ஸ்டியரிங்கைக் கையால திருப்பற மாதிரியே தெரியல. வயித்தாலதான் திருப்பறார். நோட்டுல அவருக்கு நாற்பதுன்னு இருக்கு. எனக்கென்னவோ ஒரு நாலு பேரையாவது அளந்து பார்த்துட்டா..."

"வேண்டாம்!" மாஸ்டர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. "அதுல ஒரு திருத்தம் பாக்கி இருக்கும்மா. சுருக்கத்துக்கு விடுற கணக்கு இன்னும் சேர்க்கலை."

"சுருங்கறது துணிதானே? ஆளும் சுருங்குவாரா?"

"ஆளு துணிக்குள்ளதானேம்மா இருக்கார்!" என்று ஒரே போடாகப் போட்டார். சொன்ன பிறகு அவருக்கே அர்த்தம் விளங்கவில்லை. டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, "நாளைக்குள்ள திருத்தி அனுப்புங்க" என்று நோட்டை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் மனைவி சாப்பிடப் போயிருந்த நேரம். மாஸ்டர் கதவை ஒருக்களித்துவிட்டு, ரப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒவ்வொரு இடுப்பையும் அழித்து இரண்டு இஞ்சு கூட்டினார். உண்மையை எழுதுவதற்கு இத்தனை திருட்டுத்தனம் தேவைப்படும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. காகிதம் ஏற்கெனவே கொஞ்சம் தேய்ந்த மாதிரி இருந்தது. பழைய நோட்டு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். மனைவி வருவதற்குள் நோட்டு டிப்போவுக்குப் போய்விட்டது.

"நோட்டு எங்க?" என்றாள் அவள், கையைத் துடைத்துக்கொண்டே.

"அனுப்பிட்டேன். எல்லாம் சரி பண்ணியாச்சு. எல்லா இடுப்புலயும் ரெண்டு கூட்டிட்டேன்."

அவள் அப்படியே நின்றாள். "நீங்க கூட்டினீங்களா?"

"பின்ன?"

"நீங்க பயந்து சாகறீங்களேன்னு காலையில கடை திறந்ததுமே நான் ரெண்டு ரெண்டு கூட்டிட்டேனே!"

மாஸ்டர் மெல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் குண்டூசிப் பெட்டி இருந்தது. அதைப் பற்றி அவர் அப்போது கவலைப்படும் நிலையில் இல்லை.

மறுநாள் காலையில் முதலில் வந்தவர் குச்சி. டிப்போவிலேயே ஒல்லியான, குள்ளமான டிரைவருக்கு மற்றவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. கொடியில் காயும் சட்டைக்கும் அவருக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாஸ்டர், எனக்கு வயித்துக்குள்ள கொழுப்பு சேர்ந்துடுச்சாம்! ஆபத்துப் பட்டியல்ல என் பேர் இருக்கு! வீட்டுல எப்படிச் சொல்லுவேன்?"

"உனக்கெல்லாம் ஒண்ணும் இல்லப்பா..."

"உங்க நோட்டு சொல்லுது மாஸ்டர். உங்க நோட்டு பொய் சொல்லுமா?"

பின்னாலேயே ஏழாம் நம்பர் பஸ் டிரைவர் வந்தார். முதலில் வயிறு வந்தது, பிறகு அவர் வந்தார். "என்ன மாஸ்டர், கார்த்திகை தீபத்துக்கு ஊத்தற எண்ணெயைவிட என் வயித்துல கொழுப்பு அதிகம்ங்கறாங்க. நாற்பத்துநாலாம்! நீங்க என்னைக்காவது எனக்கு நாற்பதுக்கு மேல சொல்லியிருக்கீங்களா?"

"சொன்னதில்லைப்பா" என்றார் மாஸ்டர். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரால் அன்று உண்மை பேச முடிந்தது.

மூன்றாவதாக டாக்டரம்மாவே வந்தார். "என்ன நடக்குது மாஸ்டர்? முந்தாநாள் எல்லாரும் நல்லா இருந்தாங்க. இன்னைக்குப் பார்த்தா டிப்போவையே ஆஸ்பத்திரிக்கு மாத்தணும் போல இருக்கு. குச்சிகூட பட்டியல்ல இருக்கார்!"

"டேப்பு பழசும்மா" என்றார் மாஸ்டர் அவசரமாக. "இழுத்து இழுத்து நீண்டு போச்சு."

டாக்டரம்மா ஒரு கணம் யோசித்தார். "டேப் நீண்டா அளவு குறைச்சலாத்தானே காட்டும்? இங்க கூடல்ல இருக்கு?"

"அப்போ... சுருங்கிடுச்சு."

"டேப்பா? துவைச்சீங்களா?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் பட்டனுக்கு நூல் கோப்பதில் மும்முரமாக இருந்தாள். தலை நிமிரவில்லை, தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. அழுகிறாளோ என்று மாஸ்டருக்கு மனசு உருகிப் போயிற்று. பாவம், தன்னால்தான் அவளுக்கும் இந்தக் கஷ்டம்.

"இது சரிப்படாது" என்றார் டாக்டரம்மா. "வெள்ளிக்கிழமை காலையில டிப்போ ஷெட்டுல எல்லாரையும் நிக்க வைக்கறேன். புது டேப் நான் தரேன். நீங்களே வந்து அளங்க. சத்தமா சொல்லுங்க, நான் எழுதிக்கறேன். அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

அந்த இரண்டு நாளும் மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தார். எல்லார் முன்னிலையிலும் ஒவ்வொருவனின் உண்மையான இடுப்பும் சத்தமாகக் கேட்கும். இத்தனை வருடம் ஏமாற்றினானா இந்த ஆள் என்று இருபத்தெட்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதை நினைத்தபோதெல்லாம் காது இரண்டும் சூடாகி, தலைக்குள் கிண்ணென்றது. மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உடம்புக்கு முடியலன்னு சொல்லிடட்டுமா?" என்றார் வெள்ளிக்கிழமை காலையில்.

"சொல்லுங்க. டாக்டர்கிட்டதானே சொல்லப் போறீங்க" என்றாள் அவள்.

அந்த வழியும் அடைபட்டது.

ஷெட்டில் இருபத்தெட்டு பேரும் வரிசையாக நின்றார்கள். எல்லாரும் மாஸ்டர் தைத்த நீலச் சட்டை. முதல் ஆள் ஏழாம் நம்பர். மாஸ்டர் வழக்கம்போல அவருடைய பெல்ட்டுக்கு மேல், வயிறு தொங்கும் இடத்துக்குக் கீழே டேப்பைக் கொண்டுபோனார்.

"அங்க இல்ல மாஸ்டர்" என்றார் டாக்டரம்மா. "அது பேண்ட் நிக்கற இடம். நமக்கு வேண்டியது வயிறு இருக்கற இடம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல வைங்க. நீங்க மூச்சை விடுங்க டிரைவர் சார், அதை எதுக்குப் பிடிச்சு வச்சிருக்கீங்க?"

டிரைவர் மூச்சை விட்டார். மாஸ்டரின் கையிலிருந்த டேப் ஓடியது. நாற்பத்தைந்து.

மாஸ்டர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லிவிடத்தான் திறந்தார். ஆனால் அந்த வாய்க்கு முப்பது வருடப் பழக்கம்.

"நாற்பத்திமூணு!"

"நாற்பத்தஞ்சு" என்றார் டாக்டரம்மா, அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து.

மாஸ்டர் டேப்பைச் சுருட்டினார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"மன்னிச்சுக்கங்கப்பா" என்றார். "நான் இத்தனை வருஷமா உங்க எல்லாருக்கும் ரெண்டு இஞ்சு குறைச்சுத்தான் சொல்லிட்டு வரேன். உங்களுக்குச் சங்கடமா இருக்கக்கூடாதுன்னு செஞ்சேன். ஏமாத்தணும்னு இல்ல. ஆனா அது தப்புதான். போர்டை இன்னைக்கே கழட்டிடறேன்."

அவமானத்தில் அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஏழாம் நம்பர் முன்னால் வந்தார்.

"போர்டு கிடக்கட்டும் மாஸ்டர். எங்க இடுப்பை எல்லாம் குறைச்சீங்களே, உங்க இடுப்பு எவ்வளவு?"

மாஸ்டருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "முப்பத்திரண்டு. உயரம் அஞ்சடி நாலு. பாதிக்கு அப்படியே சரியா இருக்கு."

"அப்போ நின்னு காட்டுங்க!" என்றார் குச்சி.

"ஆமா, நில்லுங்க மாஸ்டர்!" என்று வரிசையே கூவியது.

நின்றார். தண்டனையாகவே இருக்கட்டும் என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். டாக்டரம்மா டேப்பைச் சுற்றினார், மூச்சை விடச் சொன்னார், படித்தார்.

"முப்பத்தொன்பது."

"இருக்காது!" மாஸ்டர் பேண்டின் பட்டியை வெளியே மடித்துக் காட்டினார். "பாருங்க! முப்பத்திரண்டுன்னு போட்டிருக்கு!"

எல்லாரும் மாஸ்டரின் மனைவியைப் பார்த்தார்கள். அவள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே பேசினாள்.

"கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் முப்பத்திமூணுன்னு சொன்னேன். மூணு நாள் சரியா சாப்பிடல நீங்க. அதுலேர்ந்து வாயில முப்பத்திரண்டு, கத்தரியில எவ்வளவு வேணுமோ அவ்வளவு. உங்ககிட்ட கத்துக்கிட்ட தொழில்தானே?"

ஷெட்டே சிரித்தது. மாஸ்டரும் சிரிக்கப் பார்த்தார். ஆனால் டாக்டரம்மா சிரிக்காமல் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். ஒரு முறை பார்த்தார். சிறிது நேரம் விட்டு மறுபடியும் பார்த்தார்.

"நூத்தி எழுபத்தெட்டு. எத்தனை நாளா மாஸ்டர் தலை சுத்தல்?"

"எப்பவாவது..."

"ஏணியில ஒரு தடவை. வெட்டும்போது ரெண்டு தடவை. என்கிட்ட சொல்லாம எத்தனையோ" என்றாள் மனைவி. இந்த முறை அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் மாஸ்டருக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. போர்டைப் பற்றிய பயம் அல்ல.

அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரையும் எல்லைக் கோட்டில் நின்றது. மாத்திரை எழுதினார்கள், தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார்கள், சாப்பாட்டில் எது வேண்டாம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தார்கள். "நல்ல வேளை, இப்பவாவது வந்தீங்க. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா எங்க கொண்டுபோய் விட்டிருக்குமோ" என்றார் டாக்டரம்மா.

மாஸ்டர் நடந்தார். முதல் வாரம் திட்டிக்கொண்டே நடந்தார், இரண்டாவது வாரம் பேசாமல் நடந்தார். ஐந்தாவது வாரத்தில் பேண்ட் சற்றே தளர்ந்தது. மனைவி அளந்து "முப்பத்தேழரை" என்று உள்ளதை உள்ளபடி சொன்னபோது, முப்பத்திரண்டைக் கேட்டபோதெல்லாம் வராத சந்தோஷம் வந்தது. பிரஷரும் இறங்கியிருந்தது. டிரைவர்கள் வழக்கம்போலத் துணியோடு வந்தார்கள், ஒருவர்கூடக் குறைவில்லாமல். மாஸ்டர் போர்டைக் கழற்ற ஏணி போட்டபோது ஏழாம் நம்பர்தான் ஏணியைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டுப் போனார்.

இருந்தாலும் ஒரு விஷயம் அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது. தன்னால்தானே அந்த முகாம் குழம்பியது? ஒரு நாள் காலை நடை போகும்போது டிப்போ வாசலில் குச்சி பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் நின்றார்.

"என்னப்பா, உங்க ரிசல்ட் எல்லாம் வந்துடுச்சா? என் நோட்டால உங்களுக்கு ஒண்ணும் தாமதம் ஆகலியே?"

"எங்க ரிசல்ட்டா?" குச்சி துணியைப் பிழிந்தார். மாஸ்டர் வீட்டு அக்கா சொல்லக்கூடாது என்று சொன்னது அவருக்கு அந்த நேரத்தில் நினைவில்லை.

"எங்களை எல்லாம் டாக்டரம்மா அந்த வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அளந்து முடிச்சுட்டாங்க மாஸ்டர், அன்னைக்கு இருபத்தெட்டு பேரும் வந்து நின்னது, உங்களை ஒரு தடவையாவது டேப்புக்குள்ள கொண்டுவரணும்னு அக்கா அழுதுக்கிட்டே கேட்டதாலதான்."